கொடுத்தவனிடம் எஞ்சிய பன்னிரண்டு சொற்கள்

சாருஜாவின் திருமணத்துக்கு அவளுடைய அண்ணன் கோபிசங்கர் கொடுத்த பரிசை மணவறையில் வைத்துக் கொடுக்க முடியவில்லை. வீடியோ எடுக்க வந்தவர்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவதற்கு அதற்கு ஓர் உருவம் இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைசெய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்த பிட்கொயின் என்னும் மின்னணுப் பணத்தில் பாதியை அவன் தங்கைக்கென்று பிரித்து வைத்திருந்தான். தம்பதியர் புத்தூருக்கு முதல் விருந்துக்கு வந்த அன்று அவளைத் தனியே அறைக்குள் அழைத்து, ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுத்தான்.

“இதிலை பன்னிரண்டு இங்கிலிஷ் சொல் கிடக்கு. அந்தச் சொல்லுகள்தான் இதின்ரை பூட்டுக்குத் திறப்பு. போன் துலைஞ்சாலும் பயமில்லை. இந்தச் சொல்லுகளை இதே ஒழுங்கிலை போட்டா, எந்தப் போனிலையும் உன்ரை பிட்கொயின் கிடக்கிற வொலட்டைத் திரும்ப எடுக்கலாம். ஆனா உதை ஆர் பாத்தாலும் அவையும் எடுக்கலாம். விளங்குதோ?”

“இவருக்கும் காட்டக்கூடாதோ?”

“ஒருத்தருக்கும் காட்டக்கூடாது. இன்னொராள் பாத்தால் அது உன்ரை திறப்பில்லை. உடனை புதுசு எடுத்து எல்லாத்தையும் அதுக்கு மாத்திப்போட வேணும்.”

“அப்ப நீங்கள்?”

“நான் அழிச்சுப்போட்டன். இந்தா, பார்.”

அவன் தன் கைத்தொலைபேசியை நீட்டி, அதிலிருந்த வொலட்டை அவள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தான். சாருஜா சிரித்தாள்.

“வீடு எழுதேக்கை நொத்தாரிசு, சாட்சி எண்டு ஊரே கூடி நிண்டது. இதுக்கு ஒரு சனமும் பாக்கக்கூடாதாம். நல்ல சீதனம், அண்ணை.”

அவன் அழித்தது உண்மை. ஆனால் அந்த வொலட்டை அவன் முதலில் உருவாக்கியது அந்தத் தொலைபேசியில் அல்ல. திரையின் ஓரம் வெடித்ததால் பாவிக்காமல் விட்டிருந்த பழைய தொலைபேசியில். அது அவனுடைய அலுமாரியின் இழுப்பறைக்குள் இருந்தது. வொலட்டும் அதற்குள் அப்படியே இருந்தது.

தன் செயலுக்கு அவன் ஒரு நியாயத்தைத் தயாராக வைத்திருந்தான். திருமணத்துக்கு முன்னர் அவர்களுடைய தகப்பன் பரமலிங்கம், புத்தூர் வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதிப் பத்திரமாக எழுதியபோது, தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கென்று ஒதுக்கியே எழுதினார். குடாநாட்டில் இது வழமை. கொடுத்தவர் முற்றாகக் கையை எடுத்துவிடுவதில்லை. பெறுகிறவர் அதைக் குறையாக நினைப்பதுமில்லை. நொத்தாரிசின் மேசைக்கு அருகில் சாட்சியாக நின்ற கோபிசங்கருக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்பும் முன்யோசனையும் ஒரே வசனத்தில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. தான் கொடுக்கப்போகும் பரிசுக்கும் அப்படியொரு காவல் இருந்தால் என்ன என்று எண்ணினான். சாருஜா மறதிக்காரி; அட்டையை எங்கேனும் தவறவிட்டால் அண்ணனிடம் ஒரு பிரதி இருப்பது அவளுக்குத்தானே நல்லது.

உறுதியில் இருந்த நிபந்தனையை நொத்தாரிசு பெறுகிறவளுக்கு முன்னால் உரத்து வாசித்தார் என்பதையும், தன்னுடைய நிபந்தனை வாசிக்கப்படவில்லை என்பதையும் அவன் அறிந்திருந்தான். அறிந்திருந்தும், அந்த வேறுபாட்டை அருகில் சென்று பார்க்க அவன் விரும்பவில்லை.

சாருஜா மணந்தது சுபாங்கனை. வடகரைக் கடற்றொழில் ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். படகு இயந்திரங்களை விற்கும் நிறுவனமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். பரமலிங்கம் நெடுநாள் இந்தச் சம்பந்தத்துக்கு இணங்கவில்லை. அவரோடு வாதாடி, உறவினர் வீடுகளுக்குச் சென்று பேசி, இறுதியில் சம்மதிக்க வைத்தவன் கோபிசங்கர். அதன்பின் நண்பர்களிடையே அவனுக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. சாதி பாராத அண்ணன் என்ற அந்தப் பெயரை அவன் உள்ளூர விரும்பினான். யாராவது அதைச் சொல்லும்போது அடக்கமாக மறுக்கவும் பழகியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவன் பழைய தொலைபேசியை மின்னேற்றி, வொலட்டைத் திறந்து பார்ப்பான். கொடுத்தது கொடுத்தபடி இருக்கும். ஒருமுறை அதில் சிறியதொரு தொகை கூடியிருந்தது. நோர்வேயில் இருக்கும் சித்தியின் மகள் ஆரபி, சாருஜாவின் பிறந்தநாளுக்கு அனுப்பியதாக, அனுப்பும்போதே அவள் பரிமாற்றத்தில் எழுதிச் சேர்த்திருந்த குறிப்புச் சொன்னது. அதைக் கண்டு அவன் மகிழ்ந்தான். தனக்குத் தெரியவேண்டாத ஒன்றை அறிந்து மகிழ்கிறோம் என்ற நினைவு அப்போது அவனுக்கு எழவில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் வொலட் வெறுமையாக இருந்தது.

திரையைப் பலமுறை கீழே இழுத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே தடவையில், அவன் அறியாத வேறொரு வொலட்டின் விலாசத்துக்குப் போயிருந்தன. தங்கைக்கு அழைப்பெடுத்துக் கேட்கலாம் என்ற எண்ணம் வரவேயில்லை. அட்டை யாருடைய கைக்கு எட்டியிருக்கும் என்ற கேள்விக்கு அவனுடைய மனம் தேடாமலே ஒரு விடையை எடுத்து வைத்தது. மோட்டார்சைக்கிளை எடுக்கப் போகும்போது, முன்விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த தகப்பனிடம் நின்று சொன்னான்.

“சாருவின்ரை காசு முழுக்கப் போயிட்டுது, அப்பா. சுபாங்கன்தான் எடுத்திருக்க வேணும்.”

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “போய்க் கேள்,” என்றார்.

அரியாலையில், நீரேரிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். வாசலுக்குள் நுழைந்தவுடன் கோபிசங்கரின் கண்ணில் பட்டது ஒரு படகு இயந்திரம். புத்தம் புதியது; பாதிப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் மாமரத்தின் கீழ் நின்றது. சுபாங்கன் அதற்கருகில் குந்தியிருந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் எழுந்து, கையை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்தான்.

“வாங்கோ மச்சான். கறி மணம் புத்தூர் வரைக்கும் வந்திட்டுதோ? அம்மா இப்பதான் கறியை இறக்கினவ.”

“உது ஆரின்ரை எஞ்சின்?”

“நாப்பது குதிரைவலு. வடிவாய் இருக்கெல்லோ?”

“நல்ல விலை வந்திருக்கும்.”

“விலையைக் கேட்டால் நீங்கள் சாப்பிடாமல் திரும்பிடுவியள்,” என்று சுபாங்கன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கோபிசங்கர் தன் சந்தேகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டான். உள்ளே சென்றான். குசினி அடுப்படியில் சுபாங்கனின் தாய் ஞானாம்பிகை நின்றார். முதல்நாள்தான் ஊரிலிருந்து மீனோடு வந்திருந்தார். “இருங்கோ தம்பி, ஒரு அஞ்சு நிமிசம்,” என்று அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். சாருஜா கூடத்தில் பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கணித ஆசிரியை. அண்ணனின் முகத்தைக் கண்டு பேனையை மூடினாள்.

“என்னண்ணை, அப்பாவுக்கு ஏதும்...?”

“அப்பா சுகமாய் இருக்கிறார்.” பின்னால் வந்த சுபாங்கனின் பக்கம் அவன் திரும்பினான். “சுபாங்கன், நான் நேரடியாக் கேக்கிறன். குறை நினையாதேங்கோ. சாருவின்ரை அட்டையிலை இருந்த சொல்லுகளை நீங்கள் பாத்தனீங்களோ?”

சுபாங்கன் ஒருகணம் மனைவியைப் பார்த்தான்.

“ஓம், பாத்தனான்.”

இவ்வளவு எளிதாக விடை வருமென்று கோபிசங்கர் எதிர்பார்க்கவில்லை. தயாரித்துக்கொண்டு வந்த சொற்கள் ஒழுங்கு மாறி வெளியே விழுந்தன.

“அப்ப சரி. நான் குடுத்தது முழுக்க இப்ப அதிலை இல்லை. ஆரபி பிறந்தநாளுக்கு அனுப்பினது, பாவம், அதுவும் இல்லை. வாசலிலை புது எஞ்சின் நிக்குது. நான் இனி வேறை என்ன கேக்க?”

சுபாங்கனின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போய்விடவில்லை. சொன்னது விளங்க விளங்க, அது சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டு போயிற்று.

“அந்த எஞ்சின் எங்கடை ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின்ரை, மச்சான். பூட்டிக் குடுக்கச் சொல்லி நேற்று ஏத்தி விட்டவை. பில்லும் சங்கத்தின்ரை பேரிலைதான். எடுத்துக் காட்டட்டோ?”

“நீங்கள் ஒண்டும் காட்ட வேண்டாம்,” என்றாள் சாருஜா. அவள் எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை. “அண்ணை, இவர் பாத்தவர்தான். மாமி வாறா எண்டு அலுமாரியை ஒதுக்கேக்கை அட்டை கீழை விழுந்தது. என்ன துண்டு எண்டு எடுத்துப் பாத்திட்டார். பாத்த உடனை என்ன சொன்னவர் தெரியுமோ? ‘நான் பாத்திட்டன். நீர் இதை மாத்தும்’ எண்டு. எனக்கு அலுப்பு. ‘நீங்கள் பாத்தா என்ன, விடுங்கோ’ எண்டன். இவர் விடேல்லை. ‘ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டு உம்மடை அண்ணை சொன்னவரெல்லோ. அவர் தந்தது, அவர் சொன்னமாதிரியே இருக்கட்டும்’ எண்டு நிண்டார். புது வொலட் திறந்து, புதுச் சொல் எடுத்து, எல்லாத்தையும் அதுக்கு அனுப்பினனான். நான் சொல்லுகளை எழுதி முடியுமட்டும் இவர் வெளியிலை முற்றத்திலை போய் நிண்டவர்.”

கோபிசங்கர் கதிரையில் அமர்ந்தான். பரிசு பத்திரமாக இருக்கிறது என்ற ஆறுதல் வருவதற்கு முன்னரே வெட்கம் வந்துவிட்டது. அவன் கற்பித்ததை அந்த வீட்டில் வார்த்தை தவறாமல் கடைப்பிடித்தவன், அவன் திருடனென்று தேடி வந்த மனிதன்.

சுபாங்கன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஒரு விருந்தாளியின் இக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவனைப் போல, மெதுவாகச் சொன்னான்.

“மச்சான் விலாசத்தை வைச்சுப் பாத்திருப்பார். அனுப்பின ஆளுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்பினது எண்டு தெரியும்தானே. காணேல்லை எண்ட உடனை பதறியிருப்பார். ஆருக்கும் வரும்.”

அது உண்மையாக இருக்கக்கூடிய ஒரு காரணம். பணம் அனுப்பிய விலாசத்தை வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். அதற்குச் சொற்கள் தேவையில்லை. தப்பிச் செல்வதற்கான வழியை, குற்றம் சாட்டப்பட்டவனே திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஓம்,” என்றான் கோபிசங்கர். “விலாசத்திலைதான் பாத்தனான்.”

சாருஜா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரபி அனுப்பினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவன் சுபாங்கன் வைத்த தண்ணீரை எடுத்தான்.

“ஆரபி சொன்னவளோ?”

சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆரபிக்கு ஓர் அழைப்பெடுத்தால் அந்தப் பொய் உடைந்துவிடும். அதைவிட, தங்கையின் கண்களில் இருந்த வேண்டுதல் அவனைத் தடுத்தது. அவன் வேறு ஏதேனும் ஒரு விளக்கத்தைச் சொல்லிவிட வேண்டுமென்று அவள் எதிர்பார்ப்பதுபோல் இருந்தது.

“நீங்கள் அனுப்பினது ஒரு விலாசத்துக்கு. ஆரபி அனுப்பினது வேறை விலாசத்துக்கு. ஒவ்வொருக்காலும் புது விலாசம் வரும் எண்டு நீங்கள்தானே எனக்குக் காட்டித் தந்தனீங்கள். ரெண்டையும் ஒண்டாய்ப் பாக்கிறதெண்டால் சொல்லுகள் வேணும், அண்ணை.”

கோபிசங்கர் காற்சட்டைப் பையிலிருந்து பழைய தொலைபேசியை எடுத்து, கொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தான். அவளிடம் ஒப்படைத்துவிட்டால் ஏதோ ஒன்று நேராகிவிடும் என்பதுபோல, அதைச் சற்று அவள் பக்கமாகத் தள்ளினான்.

“இதிலைதான் இருந்தது. அண்டைக்கு நான் இதை அழிக்கேல்லை. நீயே வைச்சிரு. இல்லாட்டி உடைச்சுப்போடு.”

“அதிலை இப்ப ஒண்டும் இல்லையே. அதை வைச்சு நான் என்ன செய்ய? கொண்டு போங்கோ.”

திருப்பிக் கொடுப்பதற்குக்கூட அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவனிடம் கேட்காமலே, அவனுக்குத் தெரியாமலே, அவனுடைய பரிசு அவனைவிட்டு முழுதாகப் போயிருந்தது.

சாருஜா திறந்திருந்த கொப்பியை மூடிவிட்டுக் கேட்டாள்.

“அப்பாவுக்கும் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

“இவர் எடுத்தவர் எண்டு?”

“ஓம்.”

“அப்ப இப்ப கோல் எடுத்து இல்லையெண்டு சொல்லுங்கோ. நாங்களும் கேக்கிறமாதிரி ஸ்பீக்கரிலை போடுங்கோ.”

“விடும் சாரு,” என்றான் சுபாங்கன். “பிறகு ஆறுதலாச் சொல்லுவார்.”

“விடேலாது. அப்பா இதுக்கிடையிலை ஆருக்கு ஆருக்குச் சொன்னாரோ.”

கோபிசங்கர் அழைப்பெடுத்தான். மணி ஒலிக்கத் தொடங்குமுன்னரே பரமலிங்கம் எடுத்துவிட்டார். தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“என்னடா, ஒத்துக்கொண்டானோ உவன்?”

“அப்பா, கொஞ்சம் பொறுங்கோ...”

“என்னத்தைப் பொறுக்கிறது. கரைப்பக்கம் எங்களுக்குச் சரிவராது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். நீதான் பெரிய சமத்துவம் கதைச்சனீ. நல்லகாலம், அதுக்குள்ளையும் உனக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது. ‘பயப்பிடாதேங்கோ அப்பா, அவையளை நம்பி நான் விடேல்லை, திறப்பு என்னட்டையும் ஒண்டு கிடக்கு’ எண்டு கலியாணம் முடிஞ்ச கையோடை சொன்னனீ. அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது.”

குசினியில் பாத்திரங்களின் ஒலி நின்றுபோயிற்று.

சுபாங்கன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான். சாருஜா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையின் மறதி என்று கோபிசங்கர் இத்தனை நாளும் தனக்குச் சொல்லிவந்த காரணம், தகப்பனின் குரலில் அந்தக் கூடத்தின் நடுவில் தோலுரிந்து கிடந்தது. அந்த வார்த்தைகளை அவன் சொல்லித்தான் இருந்தான். கிழவரை ஆறுதல்படுத்தச் சொன்னது என்று அன்று நினைத்தான். சொல்லும்போது தன் மனமும் ஆறுதலடைந்ததை இப்போது நினைவுகூர்ந்தான்.

“அப்பா, போன் ஸ்பீக்கரிலை கிடக்கு.”

தொலைபேசியை அவன் மேசையின் நடுவில் வைத்தான்.

“சுபாங்கன் ஒண்டும் எடுக்கேல்லை. சாரு தன்ரை காசைத் தான் வேறை வொலட்டுக்கு மாத்தியிருக்கிறாள். அப்பிடி மாத்தச் சொன்னதே அவர்தான். பிழை முழுக்க என்னிலை. அவளுக்குத் தெரியாமல் நான் அதை வைச்சிருந்திருக்கக்கூடாது. நம்பேலாது எண்டு உங்களுக்குச் சொன்னதும் பிழை.”

“மருமோன் பக்கத்திலையோ?” பரமலிங்கத்தின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“ஓம்.”

“தாய்?”

“அவவும் இஞ்சைதான், குசினியிலை.”

அழைப்புத் துண்டிக்கப்பட்டது.

ஒழுங்கையில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டை ஒலித்துக்கொண்டு கடந்து போயிற்று. கோபிசங்கர் எழுந்தான். “அப்ப நான் வாறன்,” என்று சொல்ல வாய் எடுத்தபோது, ஞானாம்பிகை சோற்றுப் பாத்திரத்தோடு குசினி வாசலுக்கு வந்தார். அவருடைய கண்கள் அவனைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தன.

“பிள்ளை, கொப்பியளை எடும். தம்பி, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. கறி ஆறுது.”

கோபிசங்கர் நின்றான். வேறு எந்த வீடாக இருந்தாலும், இப்படியொரு வெட்கத்துக்குப் பின் உண்ணாமல் போவதை எல்லோரும் விளங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த வீட்டில், சற்றுமுன் ஒலித்த அந்தக் குரலுக்குப் பிறகு, புத்தூரிலிருந்து வந்த ஒருவன் உண்ணாமல் போனால் அது தகப்பன் சொன்னதற்கு மகன் போடும் கையெழுத்தாகிவிடும். அது அங்கிருந்த நால்வருக்கும் தெரிந்திருந்தது. அவன் பின்கட்டுக்குச் சென்று கை கழுவினான்.

திரும்பி வந்தபோது அவனுக்கும் சுபாங்கனுக்கும் சாப்பாட்டுக் கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. ஞானாம்பிகை முதலில் விருந்தாளிக்கே போட்டார். நடு மீன் துண்டை அவனுக்கு வைத்தார். சுபாங்கன் தலை நிமிராமல் சாப்பிடத் தொடங்கினான். சிறிது நேரம் கழித்து, “முள்ளுப் பாத்து, மச்சான்,” என்றான். அவ்வளவுதான்.

சாருஜா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“நீ சாப்பிடேல்லையோ?” என்றான் கோபிசங்கர்.

“மாமியோடை சாப்பிடுறன்.”

ஞானாம்பிகை குழம்பு எடுக்க உள்ளே போனார். சுபாங்கன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பவென்று எழுந்து அவருக்குப் பின்னால் சென்றான். போத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

“என்னிலை கோவமோ, சாரு?”

கணக்கொன்றைப் படிப்படியாகச் செய்து பார்ப்பவளைப்போல யோசித்தாள்.

“கோவமெண்டால் ரெண்டு நாளிலை போயிடும், அண்ணை. எனக்கு வெக்கமாக் கிடக்கு. எங்கடை வீட்டிலை அப்பா அப்பிடித்தான், ஆனா அண்ணை வேறை மாதிரி எண்டு நான் இவைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். கலியாணத்துக்கு முதல் மாமி பயந்தவ, உங்கடை ஆக்கள் மதிப்பினமோ எண்டு. உங்களைச் சொல்லித்தான் நான் அவவைச் சம்மதிக்க வைச்சனான்.”

கோபிசங்கரின் கை சோற்றில் அப்படியே இருந்தது. அவன் தகப்பனிடம் வாதாடிய நாட்களில், இந்தக் கரையில் அவனையே சாட்சியாக வைத்து இன்னொரு வாதம் நடந்திருக்கிறது. அது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

“நான் மாமியோடை கதைக்கிறன். மன்னிப்புக் கேக்கிறன்.”

“இப்ப வேண்டாம். இப்ப கேட்டா அவ ‘பரவாயில்லை தம்பி’ எண்டுதான் சொல்லுவா. வேறை என்னத்தைச் சொல்லுவா, வீட்டுக்கு வந்த ஆளுக்கு? அவவை அப்பிடிச் சொல்ல வைக்காதேங்கோ.”

ஞானாம்பிகை வரும் காலடி கேட்டது. சாருஜா விலகி வழிவிட்டாள். அவர் குழம்புச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, அவனுடைய கோப்பையைப் பார்த்தார்; சோறு குறைந்திருக்கவில்லை. கறியில் ஏதும் பிழையோ என்று கேட்கவும் அவர் தயங்குவது தெரிந்தது. கோபிசங்கர் குனிந்து, சோற்றைப் பிசைந்து, உண்ணத் தொடங்கினான். கோப்பை வெறுமையாகும்வரை அவன் நிறுத்தவில்லை.

ஞானாம்பிகை கேட்காமலே இன்னொரு அகப்பைச் சோறு போட்டார். அவன் போதும் என்று சொல்லவில்லை.